லைக் போடுகிறவருக்கா, லைனில் நிற்கிறவருக்கா?



அமைப்புகளின் ஊடக வேலையைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று இரண்டு கடிதங்களுக்கு முன்னரே சொல்லிவிட்டு நழுவிக்கொண்டு திரிந்தவள் நான்தான். எழுதினால் என்னையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதுதான் இவ்வளவு இழுபறி.

வெஸ்ட் ஈலிங் பிராட்வேயில் ஒரு கடைக்கு மேல்மாடி. பின்பக்கப் படியால் ஏற வேண்டும். ஹீற்றர் பாதி நாள் வேலை செய்யாது. நான் நாலு வருடமாகத் தொண்டராக இருக்கும் அமைப்பின் அலுவலகம் அங்கேதான். பதிவு செய்யப்பட்ட சாரிட்டி. பெயர் வேண்டாம், உங்களில் கனபேர் இதே மாதிரி ஒன்றில்தான் இருக்கிறீர்கள். செவ்வாயும் வியாழனும் ஆலோசனை நேரம். கவுன்சில் கடிதம், ஹோம் ஒபிஸ் கடிதம், சம்பளம் தராத முதலாளி, அடிக்கிற புருஷன். வருகிறவர்கள் படியிலேயே வரிசையாக நிற்பார்கள்.

ஒரு நிதி விண்ணப்பப் படிவத்தில் ‘உங்கள் சமூக ஊடக வியூகம் என்ன?’ என்று ஒரு கேள்வி இருந்தது. எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. பேஸ்புக்கில் பொங்கல் வாழ்த்து, இன்ஸ்டாகிராமில் ஆடிக்கும் அமாவாசைக்கும் ஒரு படம், அவ்வளவுதான். உடனே டிரஸ்டிமார் கூடி ஒரு ஆலோசகரைப் பிடித்தார்கள். 38 சிலைட் வந்தது. அதில் ஏழாவது சிலைட்டை நான் இன்னும் மறக்கவில்லை. எங்களுடைய ‘இலக்கு வாசகி’: பிரியா, வயது 29, ஹரோவில் இருக்கிறாள், சட்டத்தரணி, வேருக்குத் திரும்ப ஆசை, மாதம் 15 பவுண் தருவாள். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும், எத்தனை மணிக்கு போனைத் திறப்பாள் என்பது வரை இருந்தது. படியில் வரிசையில் நிற்கிற ஒருவருக்கும் அந்த 38 சிலைட்டில் ஒரு சிலைட் இல்லை.

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பிரியா என்னை மாதிரியே இருந்தாள் என்பதாக்கும் காரணம்.

சிலைட்டில் சொன்னபடி ‘மனதைத் தொடும் உண்மைக் கதை’ ஒன்று வேண்டும். ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு அக்கா கதைக்கச் சம்மதித்தா. தம்பியை எப்படிக் கொண்டுபோனார்கள், அம்மா ஊரில் எப்படி இருக்கிறா, தான் இங்கே எப்படி வந்து சேர்ந்தா என்று முக்கால் மணித்தியாலம் சொன்னா. நான்தான் போனில் எடுத்தேன். நான்தான் 50 செக்கனுக்கு வெட்டினேன். முகத்தை மறைப்போமா என்று கேட்டதற்கு, முகம் இல்லாவிட்டால் ஆக்கள் நின்று பார்க்கமாட்டார்கள் என்று ஆலோசகர் சொன்னார். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். ‘வெப்சைட்டிலை போடுவம் அக்கா, ஓம்தானே?’ என்று கேட்டேன். ஓம் என்று கையெழுத்து வைத்தா.

எங்கள் பக்கத்தில் அதுவரை எதையும் ஆயிரம் பேர் பார்த்ததில்லை. இது நாலு நாளில் நாற்பதாயிரம் தாண்டியது. டிரஸ்டி அண்ணை ஒருவர் குறூப்பில் கைதட்டும் பொம்மை ஆறு போட்டார்.

அடுத்த கிழமை, ஊரில் அக்காவின் அம்மா வீட்டுக் கதவை இரண்டு பேர் தட்டியிருக்கிறார்கள். மகள் லண்டனில் யாரோடு சேர்ந்து திரிகிறா, ஆர் காசு குடுக்கினம் என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அக்கா வந்தா. சத்தம் போடவில்லை. “தங்கச்சி, நீங்கள் கேட்டனீங்கள்தான். நானும் ஓம் எண்டனான்தான். ஆனா என்னத்துக்கு ஓம் சொல்லுறன் எண்டு எனக்கு விளங்கேல்லை” என்றா. கதிரையில் இருக்கக்கூட இல்லை.

வீடியோவை எடுக்க மூன்று நாள் வாக்குவாதப்பட வேண்டியிருந்தது. “முகத்தை மட்டும் மங்கலாக்கி விடுவம், இவ்வளவு பேர் பார்த்ததை ஏன் விடுவான்?” என்று கேட்ட ஆள் கெட்டவரில்லை. இருபது வருடமாகச் சொந்தக் காசில் இந்த அமைப்பை ஓட்டுகிறவர். நிதிக்காரர் எண்ணிக்கை கேட்கிறார், ஆண்டறிக்கையில் போட எண்ணிக்கை வேண்டும். ஆலோசனை நேரத்தில் ஒருவருடைய நாடுகடத்தலை நிறுத்தினால் அது ஒன்று. அதே ஒருவரின் அழுகையைப் படம் எடுத்துப் போட்டால் அது நாற்பதாயிரம். இந்தக் கணக்கில் ஓடுகிற அமைப்பு எந்தப் பக்கம் சாயும்?

இதைச் சொன்னால், “இவவுக்குச் சமூக ஊடகம் பிடிக்காது, பழைய கால இடதுசாரி” என்பார்கள். எனக்கு 31 வயது, தோழர்களே. வீடியோ வெட்டிப் பிழைக்கிறவள். எல்லாத் தளத்திலும் கணக்கு இருக்கிறது. நான் கேட்கிறது, நாங்கள் ஆருடன் கதைக்கிறோம், ஆரைக் காட்டிக் கதைக்கிறோம் என்பதைத்தான்.

2009 ஏப்ரல் 6 அன்று பாராளுமன்றச் சதுக்கத்தில் மாணவர்கள் போய்க் குந்தியபோது எனக்கு 14. அப்பா வேலை முடிந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு வியூகமும் இருக்கவில்லை. எஸ்எம்எஸ் வரும், சனம் போகும். 73 நாள் நடந்தது. பரமேஸ்வரன் சுப்ரமணியம் அங்கே 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அந்த ஒக்டோபரில் டெய்லி மெயிலும் சண்ணும் என்ன எழுதின என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: அந்த ஆள் களவாக பேர்கர் சாப்பிட்டார், பொலிஸ் கமராவில் பிடிபட்டார் என்று. முழுப் பொய். அப்படி ஒரு கண்காணிப்பும் இருக்கவில்லை என்று பொலிஸே சொன்னது. அவர் வழக்குப் போட்டு, 2010 ஜூலையில் இரண்டு பத்திரிகைகளும் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, மெயில் 47,500 பவுணும் சண் 30,000 பவுணும் கட்டின.

இந்தக் கதையை நாங்கள் வழக்கமாக ‘வெள்ளைக்காரப் பத்திரிகையின் இனவாதம்’ என்று சொல்லி முடிப்போம். அது சரிதான். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது வேறொன்று. பத்திரிகை வந்த கிழமை, ஒரு பிறந்தநாள் வீட்டில், எங்கள் ஆக்கள்தான் சிரித்துச் சிரித்து அதைச் சொன்னார்கள். “அப்பவே நினைச்சனான்” என்றார் ஒரு மாமா. மெயிலை வாழ்நாளில் காசு குடுத்து வாங்காத மாமா. பரமேஸ்வரனைச் சொந்தச் சனமே ஒதுக்கியது, குடும்பத்துக்குள்ளும் விரிசல் வந்தது. அந்தப் பொய்க்கும் மன்னிப்புக்கும் இடையில் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில், ‘இது பொய், இன்ன காரணத்தால் பொய்’ என்று தமிழில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல எங்களிடம் ஒரு வழி இருந்ததா? ஒரு இலட்சம் பேரைத் தெருவில் இறக்கிய சமூகத்திடம் ஒரு ஒழுங்கான முகவரிப் பட்டியல் இருந்ததா? நாங்கள் பேசியதெல்லாம் பிபிசிக்கு, எம்பிமாருக்கு, உலகத்துக்கு. பதாகைகளும் ஆங்கிலத்தில்தான். ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு வதந்தியைத்தான் விட்டுவைத்திருந்தோம்.

இனி 207 பஸ்ஸில் ஏறி மேற்கே சவுத்தோலுக்குப் போவோம், தூரமில்லை. 1979இல் தொடங்கிய சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ் அங்கே இருக்கிறது. 2007, 2008இல் ஈலிங் கவுன்சில் அவர்களுக்குக் குடுத்துவந்த நிதியை நிறுத்தப் பார்த்தது. ‘ஒரு சமூகத்துப் பெண்களுக்கு மட்டும் ஏன், முழு பரோவுக்கும் பொதுவான ஒரு சேவை போதும்’ என்பதுதான் கவுன்சிலின் நியாயம், சமத்துவம் என்ற சொல்லையே திருப்பிப் பிடித்த நியாயம். எங்கள் டிரஸ்டிமாராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கவுன்சிலரோடு நின்று எடுத்த படம் ஒன்றை ‘இனிய சந்திப்பு’ என்று போட்டிருப்பார்கள். அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்காளிகள் அந்த அமைப்பின் உதவியைப் பெற்ற இரண்டு பெண்கள். 2008 ஜூலையில் விசாரணையின் இரண்டாம் நாளே கவுன்சில் பின்வாங்கியது. ஆனாலும் நீதிபதி மோசஸ் தீர்ப்பை எழுதியே விட்டார், சிறுபான்மைப் பெண்களுக்குத் தனியான சேவை இருப்பது சமத்துவத்துக்கு எதிரில்லை என்று. நாடு முழுக்க இப்படியான அமைப்புகளுக்கு அது பிறகு கைகொடுத்தது.

எனக்கு இதில் பிடித்தது வழக்காளிகளின் இடம். உதவி பெற்ற பெண்கள் அங்கே போஸ்டரில் அழுகிற முகமாக நிற்கவில்லை, கவுன்சிலை எதிர்த்து வழக்காடுகிறவர்களாக நின்றார்கள். 1992இல் கிரன்ஜித் அலுவாலியாவின் விடுதலைக்காக அதே அமைப்பு நீதிமன்ற வாசலில் ஆர்ப்பாட்டம் செய்தபோதும் அப்படித்தான். ஒருத்தியின் கதையை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். அதோடு சேர்த்து, சட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்பதையும் சொன்னார்கள். கதையைக் கேட்டவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தது. எங்கள் 50 செக்கன் வீடியோவின் கடைசியில் என்ன இருந்தது தெரியுமா? ‘நன்கொடைக்குக் கீழே அழுத்தவும்.’

இதைக் கூட்டத்தில் சொன்னேன். உடனே பேய் வந்தது. எல்லாத் தமிழ் சாரிட்டிக் கூட்டத்திலும் வருகிற பேய்தான்: “தங்கச்சி, நாங்கள் சாரிட்டி. அரசியல் கதைக்க ஏலாது. சாரிட்டி கொமிஷன் பதிவை வெட்டிப்போடும்.”

இந்தப் பேயை நீங்களும் சந்திப்பீர்கள், ஆகவே விவரமாக. கொமிஷனின் சிசி9 என்ற வழிகாட்டியை இறக்கி வாசியுங்கள். ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கக் கூடாது, உண்மை. அரசியல் வேலையே அமைப்பின் ஒரே வேலையாகிவிடக் கூடாது, அதுவும் உண்மை. ஆனால் அமைப்பின் நோக்கத்துக்கு உதவும் என்றால் சட்டத்தை மாற்று, கொள்கையை மாற்று என்று தாராளமாகப் பிரசாரம் செய்யலாம். 2023 செப்டெம்பரில் சமூக ஊடகத்துக்கென்றே தனி வழிகாட்டி ஒன்று வந்தது. அதுவும் வாயைப் பொத்தச் சொல்லவில்லை. எழுத்தில் ஒரு ஒழுங்குவிதி வையுங்கள், டிரஸ்டிமார் அதை விளங்கி வைத்திருங்கள் என்கிறது. ஊழியர்களும் டிரஸ்டிமாரும் தங்கள் சொந்தக் கணக்கில் சட்டத்துக்குள் நின்று பேசும் உரிமையையும் ஒத்துக்கொள்கிறது. ஹோம் ஒபிஸ் கடிதத்தோடு வருகிறவருக்கு ஆலோசனை சொல்கிற அமைப்பு, அந்தக் கடிதத்தை எழுதவைக்கிற சட்டத்தைப் பற்றிப் பேசலாம். பேசாமல் இருப்பது சட்டத்துக்குப் பயந்து இல்லை, கவுன்சிலரின் சிரித்த முகம் போய்விடும் என்ற பயம். அதை அப்படியே சொன்னால் மரியாதை.

ஒரு முரணைப் பாருங்கள். ஒரு அகதிப் பெண்ணின் முகத்தை உலகம் முழுக்கக் காட்ட எங்களுக்குப் பயமில்லை. அவவை நாடுகடத்தப் பார்க்கிற அமைச்சரின் பெயரைச் சொல்லப் பயம்.

கிளிநொச்சி அம்மாமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புலம்பெயர் அமைப்புகளின் பக்கங்களில் அவர்களுடைய படம் இல்லாத பக்கம் குறைவு. 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசாமி கோயிலடியில் கொட்டில் போட்டு இருந்தார்கள். எத்தனையாவது நாள் என்று எழுதி வைத்தார்கள். 2022 ஆகஸ்டில் 2000 நாள் தாண்டியது. எந்த ஆலோசகரும் சொல்லிக்குடுக்காத ஊடக வேலை அது: ஒரு எண், கூடிக்கொண்டே போகிற எண், பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ‘இன்னும் பதில் இல்லை’ என்று சொல்லுகிற எண். கோரிக்கையும் துல்லியமானது. போர் முடிவில் சரணடைந்தவர்களின் பட்டியலைத் தா, தடுப்பு முகாம்களின் பட்டியலைத் தா. 2017 ஜூனில் யாழ்ப்பாணத்தில் சிறிசேனவைச் சந்தித்தபோது பட்டியல் தருகிறேன் என்றார். தரவில்லை.

இங்கே எங்கள் பக்கங்களில் என்ன வருகிறது? அம்மா ஒருவர் மார்பில் அடித்து அழுகிற படம், சோக வயலின், கீழே உடைந்த இதயம். பட்டியல் பற்றி ஒரு சொல் இல்லை. சிறிசேனவின் வாக்குறுதி பற்றி இல்லை. நாளின் எண்கூடச் சில வேளை இல்லை. அவர்கள் வைத்த கோரிக்கையை வெட்டி எறிந்துவிட்டு அழுகையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். படத்திலிருக்கிற அம்மாவில் எத்தனையோ பேர் மகனைக் காணாமலே செத்துப் போனார்கள். அந்த அம்மா உயிரோடு இருக்கிறாவா என்று விசாரித்துவிட்டா படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம்?

தளங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 2018 ஜனவரியில் பேஸ்புக் பக்கங்களின் பதிவைக் குறைத்துக் காட்டத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் சட்டம் ஒன்றோடு சண்டை பிடித்துக் கனடாவில் செய்திகளையே மெட்டா மூடிவிட்டது. அங்கே ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தின் இணைப்பைக்கூடப் பேஸ்புக்கில் போட ஏலாது. தமிழ் கார்டியனின் இன்ஸ்டாகிராம் பதிவுகள் நீக்கப்பட்டதும், நவம்பரில் போடுகிற நினைவுப் பதிவுகள் மறைந்துபோவதும் உங்களுக்குத் தெரியும். வாடகை வீட்டில் இருக்கிறோம், வீட்டுக்காரன் நினைத்தால் பூட்டை மாற்றுவான். எங்கள் அமைப்பிடம் ஐயாயிரம் ஃபாலோவர்ஸ். ஆனால் சொந்தமாக வைத்திருந்த மின்னஞ்சல் பட்டியலில் 212 பேர், அதிலும் 60 முகவரி செத்தது.

வட்ஸ்அப் பரவாயில்லை, சனம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரு சாதாரணக் குறூப்பில் சேர்த்தால் ஒவ்வொருவரின் நம்பரும் மற்ற எல்லாருக்கும் தெரியும். அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்தவவையும், அந்தப் புருஷனின் கூட்டாளியையும் ஒரே குறூப்பில் போட்ட அமைப்பு எனக்குத் தெரியும். புரோட்காஸ்ட் பட்டியல் அதைவிடப் பாதுகாப்பு. ஆனால் அமைப்பின் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போகும். ஆகவே வருகிற ஒவ்வொருவரிடமும் “இந்த நம்பரைப் பதிஞ்சு வையுங்கோ” என்று சொல்லி, பதிகிற வரைக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். இது சிலைட்டில் வராது. ஆனால் வேலை இதுதான்.

போன குளிர்காலம் மின்கட்டணம் கட்ட ஏலாதவர்களுக்குக் குடுக்க ஒரு சின்னத் தொகை கிடைத்தது. வடிவான பதிவு ஒன்று போட்டோம், அறுநூறு லைக். மூன்று பேர் அழைத்தார்கள், அதில் இரண்டு பேர் தொண்டராக வரலாமா என்று கேட்ட மாணவர்கள். எங்களோடு வேலை செய்கிற அன்ரி ஒராள் பொறுமை கெட்டு, ஏ4 தாளில் மார்க்கரால் தமிழில் எழுதி, மீன்கடைக் கவுண்டரில் ஒட்டினா. பிறகு தன் குரலில் ஒன்றரை நிமிடம் பேசி வட்ஸ்அப்பில் விட்டா: ஆருக்குக் கிடைக்கும், எந்தக் கடிதம் கொண்டு வர வேண்டும், படியேற ஏலாதவை கீழே நின்று அடியுங்கோ. அடுத்த செவ்வாய் படி நிரம்பி வரிசை பேக்கரிவரை போனது. ஓகஸ்டில் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர் ஓடுகிற நாளில் துண்டுப்பிரசுரம் குடுப்போம் என்றதும் அவதான். கோயில்களைப் பற்றி இந்தக் கடிதத்தில் நாங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் சனம் சப்பல் றோட்டில் நிற்கும்போது நான் எந்தத் தெருவில் நின்று புரட்சி பேசுவது?

இன்ஸ்டாகிராமை மூடச் சொல்லவில்லை. பிரியாவும் வேண்டும், அவளின் 15 பவுணும் வேண்டும். ஆனால் அவளுக்குக் கண்ணீரை விற்காமல், படியில் ஏன் வரிசை நிற்கிறது, அந்த வரிசையை உண்டாக்கிய சட்டம் எது, எந்த எம்பிக்கு எழுத வேண்டும் என்று சொல்லலாம். அவள் சட்டத்தரணி ஆயிற்றே, செவ்வாய்க்கிழமை இரண்டு மணித்தியாலம் வா என்று கேட்கலாம். எங்கள் 38 சிலைட்டில் ஒருவரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

அக்காவின் வீடியோ எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் அதற்குள் வேறு பக்கங்கள் இறக்கித் தங்கள் பாட்டைப் போட்டு ஏற்றிவிட்டன. நான் கண்டுபிடித்தது 11. ஒவ்வொன்றுக்கும் எழுதினேன். ஒன்பது எடுத்துவிட்டன. ஒன்று, “இனத்துக்காகப் போட்டம், உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டது. மற்றது பதிலே இல்லை. அக்கா இப்போது எங்களிடம் வருவதில்லை. ஹேய்ஸில் வேறொரு இடத்துக்குப் போகிறாவாம். அவவின் வழக்கு இன்னும் முடியவில்லை.

வருகிற வியாழன் மாலை ஏழு மணிக்கு அதே மேல்மாடியில் கூட்டம். 38 சிலைட்டுக்குப் பதிலாக ஒரு பக்கத் தீர்மானம் கொண்டு போகிறேன். ஒப்புதலைத் தமிழில், வாயால் விளங்கப்படுத்தி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ஒரு கிழமை பொறுத்துத் திரும்பக் கேட்க வேண்டும். ஊரில் ஆக்கள் இருக்கிறவர்களின் முகம் ஒருபோதும் வேண்டாம். ஆலோசனைக்கு வருகிறவர்களில் இரண்டு பேர் ஊடகக் குழுவில் இருக்க வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பதிவு வேண்டாம். தோற்கத்தான் போகிறேன் என்று நினைக்கிறேன், வாக்குக் கணக்குப் பார்த்துவிட்டேன். அமைப்பில் உறுப்பினராக இருக்கிற தோழர்கள் ஆறு பேர் இந்தக் கடிதத்தை வாசிக்கிறீர்கள் என்பதும் தெரியும். வெஸ்ட் ஈலிங் ஸ்டேஷனில் இறங்கினால் எட்டு நிமிட நடை. முன்கதவைத் தட்டாதீர்கள், கடைக்காரர் ஏசுவார். பின்படியால் வாருங்கள்.